குறிப்பறியும் நாய்

மிக்க துடிப்புடைய நாயை அடங்காத நாய் என்று கூறுதல் வழக்கம். துடிப்பு குற்றமன்று; செல்லுதற்கு வழி காணாத ஆற்றலே குறும்பாக வெளிப்படுகின்றது. இங்கிலாந்து ஸ்கொத்லாந்து எல்லைப்புறத்தில் ஆட்டுமந்தை காத்தற்கென வளர்க்கப்பட்ட போடர் கொலி என்னும் இனம் இதற்குத் தக்க சான்றாகும். சேய்மையில் நிற்கும் இடையனின் சீழ்க்கையைக் கேட்டு மந்தையை வளைக்கும் அந்நாய், தொழிலின்றி அடைபட்டிருப்பின் ஓயாது குரைக்கும், கதவைப் பிறாண்டும். அத்தகைய ஆற்றலை அழியாது அதற்கு நெறி வகுக்கும் முறையை, அஜிலிற்றி எனப்படும் தடைதாண்டற் போட்டியிற் காணலாம்.

இலண்டன் மாநகரில் 1978ஆம் ஆண்டு நடைபெற்ற கிறவ்ற்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கிடையே பார்வையாளரை மகிழ்விக்க ஒரு காட்சி வேண்டியிருந்தது. கண்காட்சிக் குழுவினரான ஜோன் வார்லி என்பார், நாய்ப்பயிற்சியில் வல்ல பீற்றர் மீன்வெல்லின் துணையை நாடினார். குதிரைகளின் தடைதாண்டலை முன்மாதிரியாகக் கொண்டு நாய்களுக்கேற்ற தடைகள் அமைக்கப்பட்டன. கண்டோர் பெரிதும் விரும்பினர். 1980இல் பிரித்தானியக் கெனல் கிளப் அதனை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது.

களத்திலே தாண்டுதற்குரிய குறுக்குக்கோல்கள், புகுந்து செல்லும் குழாய், ஒடுங்கிய நடைபலகை, ஏறியிறங்கும் சீசோப் பலகை முதலியன அமைக்கப்படும். இவற்றுள் கற்பித்தற்கு அரியது நெசவுக்கோல் வரிசை. தறியில் நாடா மாறிமாறி ஓடுவதுபோல, நாய் பன்னிரு கோல்களினிடையே வளைந்து வளைந்து செல்லல் வேண்டும். இதனைக் கற்பிப்போர் சிலர், கோல்களை முதலில் இரு நிரையாக நட்டு இடைவழியே நாயை நேரே ஓடச் செய்வர். நாளடைவில் நிரைகளைச் சிறிது சிறிதாக நெருக்குவர். ஈற்றில் இரண்டும் ஒரே வரிசையாகும்; நாயின் உடலும் வளைந்தோடப் பழகிவிடும். சீசோப் பலகையை முதலில் தாழ்வாக வைத்து, அதன் அசைவுக்கும் ஓசைக்கும் அஞ்சாதிருக்கப் பழக்குவர். செம்மையாகச் செய்தவுடன் உணவோ விளையாட்டுப் பொருளோ பரிசாகும். அச்சத்தாற் பணியும் நாய் தயங்கித் தயங்கியே ஓடும்.

துடிப்பு மிகுந்த நாய்க்குத் தன் உடலைப் பேணத் தெரியாது. பலகையின் உயரத்திலிருந்து நேரே குதிப்பின் தோள்மூட்டு ஊறுபடக்கூடும். ஆதலின் பலகையின் அடிப்பாகத்திற்கு வேறு நிறம் பூசப்படும். அங்கே ஒரு பாதமாவது படாவிடின் குற்றமாகும். எலும்பு முதிருமுன் உயரத் தாண்டுதலும் தீது. பிரித்தானிய விதிகளின்படி 18 மாதம் நிரம்பாத நாய் போட்டியிற் கலந்துகொள்ளுதல் இயலாது.

போட்டிக்குரிய தடைகளின் ஒழுங்கை நடுவர் வகுப்பர். பயிற்றுநர் நாயின்றித் தனியே நடந்து அவ்வொழுங்கை மனத்திற் பதித்துக்கொள்வர். நாய்க்கோ அதனை முன்னறியும் வாய்ப்பில்லை. ஓடும்போது நாயைத் தொடுதலும் ஆகாது. சொல்லும் சைகையுமே துணை. கோலை வீழ்த்தினால் 5 குற்றப்புள்ளி. ஒழுங்கு மாறித் தாண்டினாற் போட்டியினின்று நீக்கம்.

இங்கேதான் போட்டியின் நுட்பம் விளங்கும். விரைந்தோடும் நாய், சொல்லைக் காட்டிலும் பயிற்றுநரின் தோள் திரும்புதலையும் காலின் போக்கையுமே முந்தி உணர்கின்றது. நிலத்தை விட்டெழுந்த பின் அது தன் போக்கை எளிதில் மாற்றவியலாது. ஆகவே அடுத்த திசை, நாய் எழும்புமுன்னரே உணர்த்தப்படல் வேண்டும். ஒரு கணம் பிந்திய குறிப்பு, நாயை எதிரே தோன்றும் பிழையான தடைக்குச் செலுத்திவிடும். காண்போர் நாய் கீழ்ப்படியவில்லை என்பர். நாயோ தான் கண்ட குறிப்பின்படியே ஓடிற்று. நாயின் வேகம் மிகுந்தோறும் பயிற்றுநர்க்குரிய கால அளவு குறுகுதலின், துடிப்பான நாய்க்கு வேண்டுவது மிகுந்த கண்டிப்பன்று; முந்திய, தெளிவான குறிப்பேயாம்.

பிழைபட்ட ஓட்டத்தின் பின் நாயைக் கடியாது, தாம் எவ்விடத்தில், எக்கணத்தில் திரும்பினோம் என்று ஆராயும் பயிற்றுநரே அடுத்த ஓட்டத்தில் முன்னேறுவர். துடிப்பு மிக்க மாணாக்கரைப் பெற்ற ஆசிரியர்க்கும் இவ்வுண்மை பொருந்துவதாகும்.