நிற்கத் தெரியாத லூப்

2019 மார்ச் தொடக்கத்தில் ஜப்பானின் ஹியோகோ மாகாணப் போலீஸார் ஒரு பள்ளி மாணவியை விசாரித்தார்கள். அவருக்கு வயது 13. ஒரு பக்கத்தின் சுட்டியை இணைய அரட்டைப் பலகையில் பகிர்ந்தார் என்பதுதான் புகார். சுட்டியைத் தொட்டால் திரையில் சிறு பெட்டி ஒன்று எழும். எத்தனை தடவை மூடினாலும் பயனில்லை என்ற வாசகம் அதில் இருக்கும். ‘ஓகே’ அழுத்தினால் பெட்டி மறைந்து உடனே திரும்ப வரும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. எந்தக் கோப்பும் அழியாது, எந்தக் கடவுச்சொல்லும் திருடு போகாது, அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் தொல்லையும் தீர்ந்தது. போதாக்குறைக்கு, அந்த நிரலை எழுதியவரும் அவர் இல்லை. இதே விவகாரத்தில் இரண்டு ஆண்களின் வீடுகளிலும் சோதனை நடந்தது. கணினி வைரஸைத் தடுப்பதற்கான சட்டப் பிரிவைத்தான் இதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள். கொதித்துப்போன நிரலாளர் ஒருவர் அதே மாதிரி நிரலை, ‘கைதாவோம் வாருங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் கிட்ஹப் தளத்தில் போட்டு, எல்லோரும் நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்று அழைத்தார்.

அவர் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கிய எந்தப் பிள்ளையும் முதல் வாரத்திலேயே கை தவறி எழுதிவிடக்கூடிய நிரல் அது.

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய இணைய மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஒரு வேலையைத் திரும்பச் செய்ய வைக்கும் அதன் ‘ஃபார்’ லூப், சி மொழியிலிருந்து வந்த பழைய வடிவம். அடைப்புக்குறிக்குள் மூன்று இடங்கள், நடுவே இரண்டு அரைப்புள்ளிகள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் திரையில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில், சுற்றுகளைக் கணக்கு வைக்கும் எண்ணியை 1 என்று தொடங்குகிறோம். இரண்டாவது இடத்தில், எண்ணி 16-ஐத் தாண்டாத வரை ஓடு என்று நிபந்தனை. மூன்றாவது இடத்தில், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றைக் கூட்டு. அதன் கீழே நெளிவு அடைப்புக்குள் ஒரே ஒரு வரி: எண்ணியைப் பன்னிரண்டால் பெருக்கி அச்சிடு. பதினாறு வரி எழுத வேண்டிய வேலை இரண்டு வரியில் முடிந்துவிடும். 16-ஐ 16,000 என்று மாற்றினாலும் நிரல் நீளாது.

இந்த மூன்று இடங்களையும் காலியாக விடலாம், மொழி அனுமதிக்கிறது. நடு இடம் காலியாக இருந்தால், நிபந்தனை எப்போதும் நிறைவேறுகிறது என்று ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். ஜப்பான் நிரலில் இருந்தது அதுதான்: அடைப்புக்குள் வெறும் இரண்டு அரைப்புள்ளிகள். லூப் என்றால் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது என்றே நாம் சொல்லித் தருகிறோம். அதன் உயிர் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பேன். பாடமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தப் பெட்டியாவது ஒவ்வொரு சுற்றிலும் நாம் அழுத்துவதற்காகக் காத்து நின்றது. பெட்டியே இல்லாத முடிவிலா லூப் இன்னும் மோசம். ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், ஒரே ஊழியர் உட்கார்ந்திருக்கும் டிக்கெட் கவுண்டர் போன்றது. பொத்தானைத் தட்டுவது, படிவத்தில் எழுதுவது, படத்தை அசைப்பது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். கையில் எடுத்த வேலை முடியாமல் அடுத்ததைத் தொடமாட்டார். லூப் முடியாவிட்டால் வரிசை அப்படியே உறைந்துவிடும். சில நொடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கம் பதில் சொல்லவில்லை, காத்திருக்கிறீர்களா மூடிவிடட்டுமா என்று பிரௌசர் நம்மிடம் கேட்கும்.

நிரலைப் படித்துப் பார்த்து, இது நிற்காது என்று பிரௌசர் முன்கூட்டியே சொல்லக் கூடாதா? எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி அப்படிச் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்று 1936-இல் ஆலன் டூரிங் நிரூபித்துவிட்டார். அப்போது மின்னணுக் கணினியே பிறந்திருக்கவில்லை. ஆகவே பிரௌசர் கடிகாரத்தைப் பார்க்கிறது, நம்மைக் கேட்கிறது.

நிபந்தனையை எழுதினால் மட்டும் போதாது, அது என்றாவது பொய்யாக வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கி 0.1, 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போ, 1 வந்ததும் நில் என்று ஒரு லூப் எழுதிப் பாருங்கள். பத்து சுற்றில் நிற்க வேண்டும். நிற்காது. மூன்றாவது சுற்றிலேயே 0.3-க்குப் பதில் 0.30000000000000004 வந்து நிற்கும். பத்தாவதில் 0.9999999999999999. அது 1 இல்லை, எனவே லூப் ஓடும். அடுத்த சுற்றில் 1-ஐத் தாண்டிவிடும், பிறகு ஒருபோதும் சந்திக்காது. பத்தில் ஒன்று என்ற அளவை இரும எண்களில் எழுதப் போனால் அது முடிவில்லாமல் நீளும். கணினி ஓர் இடத்தில் நிறுத்தி, அருகிலுள்ள எண்ணாகச் சரிக்கட்டித்தான் சேமிக்கிறது. அப்படிச் சரிக்கட்டுவதில் வரும் துளி வேறுபாடுதான் இங்கே தெரிகிறது. ‘1-ஐவிடக் குறைவாக இருக்கும் வரை’ என்று மாற்றினால் லூப் நிற்கும், ஆனால் ஒரு சுற்று கூடுதலாக ஓடிவிடும். சரியான வழி, முழு எண்களில் பத்து வரை எண்ணி, தேவைப்படும் இடத்தில் பத்தால் வகுப்பது.

அனுபவம் மிக்கவர்களையும் நிற்காத லூப் விட்டுவைப்பதில்லை. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ‘ஜூன்’ பாட்டுக் கேட்கும் கருவிகள் ஒன்றாக உறைந்தன. இது இணைய மொழி இல்லை, ஆனால் லூப் அதேதான். நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் வேலை அதற்கு: எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும் வரை சுற்று. லீப் ஆண்டாக இருந்து, 366-க்கும் மேல் இருந்தால் 366-ஐக் கழி. அன்று லீப் ஆண்டின் 366-ஆவது நாள். 365-க்கு மேல், சரி, உள்ளே போ. 366-க்கு மேல்? இல்லை, எதையும் கழிக்காதே. மறுபடி மேலே. மறுபடி 366. பேட்டரி தீரும் வரை விட்டுவிட்டு, மறுநாள் பகலில் இயக்குங்கள் என்பதே நிறுவனம் சொன்ன தீர்வு.

எண்ணியே வேண்டாம் என்பது 2015-இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்த ‘ஃபார்-ஆஃப்’ லூப்பின் வழி. பட்டியலைக் கொடுத்தால் போதும், ஒவ்வொன்றாக எடுத்துத் தந்துவிட்டுத் தானே முடிந்துவிடும். தொடக்கம், நிபந்தனை, கூட்டல் மூன்றும் நம் கையில் இல்லாததால் அவற்றில் பிழை செய்யவும் வழியில்லை. புதிதாகக் கற்பவர்கள் இதைப் பழகுவது நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: லூப்புக்குள்ளேயே ஒவ்வொரு சுற்றிலும் அதே பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்த்தால், இந்த லூப்பும் நினைவகம் நிரம்பும் வரை ஓடும். அதற்கு முன்பே வந்த ‘ஃபார்-ஈச்’ தொடங்கும்போதே பட்டியலின் நீளத்தைக் குறித்துக்கொள்கிறது. நடுவில் சேர்ந்தவற்றை அது தொடாது.