கோடையில் செம்மறிக் குட்டிகளைப் பேணுதல்

கோடையில் ஆடு இளைப்பது இயற்கை, மழை பெய்தால் தானே தேறிவிடும் என்று செம்மறி வளர்க்கும் அங்கத்தினர் பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். வளர்ந்த ஆட்டின் விஷயத்தில் இஃது ஓரளவு உண்மையே. குட்டியின் விஷயம் அவ்வாறன்று. புரட்டாசி, ஐப்பசியில் சினைபட்ட ஆடு ஐந்து மாதம் சென்று மாசி, பங்குனியில் ஈனுகின்றது. அக்குட்டி பால் குடித்து வளர வேண்டிய மூன்று மாதமும் புல் காய்ந்த மாதங்களாகவே அமைந்துவிடுகின்றன. அப்பருவத்தில் குன்றிய வளர்ச்சியைப் பின்னர் ஈடு செய்தல் அரிது. சந்தையில் எடைக்குத்தானே விலை!

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கங்களிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் ஆடுகள் பெரும்பாலும் மேய்ச்சலையே நம்பி வாழ்கின்றன. நம் பகுதியிலும் அண்டை மாவட்டங்களிலும் காணப்படும் மேச்சேரி, சென்னைச் சிவப்பு ஆகிய இரண்டும் உரோமமில்லா இனங்கள். கம்பளி நூலுக்கு இவை உதவா என்பதை நெசவாள அன்பர்கள் அறிவார்கள். ஆயின் வெப்பம் தாங்குவதில் இவை சிறந்தவை. மேச்சேரி ஆட்டின் தோலும் நல்ல விலை பெறுவது.

வெப்பம் தாங்கும் இனமாயினும், உச்சி வெயிலில் ஆடுகள் மேய்வதில்லை. ஒன்றன் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு இளைத்து நிற்கும். அந்நேரத்தில் அவற்றைக் காட்டில் நிறுத்தி வைப்பதால் பயன் ஏதுமில்லை. விடிந்தவுடன் ஓட்டிச் சென்று பத்து மணிக்குள் நிழலுக்குத் திருப்பி, மாலை நான்கு மணிக்குமேல் மறுபடியும் ஓட்டி, இருட்டும்வரை மேயவிடல் வேண்டும். பால் கொடுக்கும் ஆட்டிற்குத் தண்ணீரில் குறை வைத்தல் கூடாது. குடிநீர் குறையின் பால் குறையும். பால் குறையின் குட்டி குறையும். தொட்டி நிழலில் இருத்தல் நன்று. சூடேறிய நீரை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

குட்டி பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு அவ்வழியாகவே வருகின்றது. இரண்டு, மூன்று வாரம் ஆனதும், தாய் புகமுடியாதபடி குட்டிக்கு மட்டும் வழி விட்டு ஒரு மூலையைத் தடுத்து, அங்கே அடர்தீவனம் வைக்கலாம். மக்காச்சோளம் 50 பங்கு, கடலைப் பிண்ணாக்கு 30, தவிடு 17, தாது உப்பு 2, சாதாரண உப்பு 1 எனக் கலந்து, நாளொன்றுக்கு 50 கிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக. காய வைத்த கடலைக்கொடியும், அகத்தி, வாகைத் தழையும் உடன் கொடுக்கத் தக்கவை. வாரம் ஒருமுறை குட்டியைத் தராசில் நிறுத்துக் குறித்து வருவோர் மிகச் சிலரே. ஒரே வாரத்தில் எடை நின்றுபோனதைக் கண் காட்டாது, தராசு காட்டும்.

இனி, மிகுந்த எச்சரிக்கைக்குரியது மரவள்ளி. நம் பகுதியில் இது பரவலாகப் பயிராவதால், பசித்த ஆடு வேலி தாண்டிப் பச்சை இலையைக் கடித்துவிடுகின்றது. இலையிலும் கிழங்குத் தோலிலும் உள்ள பொருள் வயிற்றில் சயனைடு நஞ்சாக மாறுகின்றது. சிறிது நேரத்திலேயே ஆடு மூச்சுத் திணறித் தள்ளாடி விழும். சோடியம் தயோசல்பேட் ஊசியை மருத்துவர் உடனே போட்டால் பிழைக்கக்கூடும், தாமதத்திற்கு இடமில்லை. 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். இலையை இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்கு உலர்த்திக் கொடுத்தால் நஞ்சு பெரிதும் குறையும். வாடிக் குன்றிய இளஞ்சோளப் பயிரிலும், அறுத்த தாளில் கோடை மழைக்குப் பின் துளிர்க்கும் குருத்திலும் இதே நஞ்சு உண்டு. ஒரு மழை பெய்துவிட்ட மகிழ்ச்சியில் சோளக்காட்டில் ஆட்டை விடுவது நேரே ஆபத்தில் விடுவதாகும்.

ஏரி வற்றும்போது கரையோரத்தில் மட்டும் பசும்புல் நிற்கும். அங்கேதான் நத்தைகளும் உள்ளன. தட்டைப்புழுவின் குஞ்சுகள் நத்தையிலிருந்து வெளிப்பட்டு அப்புல்லில் ஒட்டிக்கொள்கின்றன. அதை மேய்ந்த ஆடு நாற்றத்துடன் கழிந்து, தாடையின் கீழ் நீர் கோத்து மெலியும். வழக்கமாகக் கொடுக்கும் அல்பெண்டசோல் இவ்விளம் புழுக்களைக் கொல்வதில்லை. ஆக்ஸிகுளோசனைடு முதலிய வேறு மருந்து வேண்டும். இதை அறியாமல் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றிப் பணத்தை வீணாக்குவோர் உண்டு. அல்பெண்டசோலைச் சினையின் தொடக்கத்தில் உள்ள ஆட்டிற்குக் கொடுத்தலும் தகாது.

இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு வேறு வகை. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். ஐந்நூறு புழு இருப்பின் 25 மில்லிலிட்டர் போய்விடும். ஒரு சிறு குட்டி இதை எத்தனை நாள் தாங்கும்? ஆட்டின் கீழ் இமையைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் தென்னாப்பிரிக்காவில் முறைப்படுத்தப்பட்டு உலகெங்கும் பரவியது. இமையின் உட்புறம் சிவந்திருப்பின் மருந்து வேண்டா. வெளுத்திருப்பின் உடனே வேண்டும். எல்லா ஆட்டிற்கும் ஒருசேர மருந்து ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே எஞ்சிப் பெருகும் என்பதே இதன் காரணம். கோடைக் காய்ச்சலில் மேய்ச்சல் நிலத்துப் புழுக்குஞ்சுகள் பெரும்பாலும் மடிந்துவிடுவதால், மழைக்கு முன் வைகாசியில் இமை பார்த்து மருந்து கொடுத்தல் நல்ல பலன் தரும்.

அதே வைகாசியில் துள்ளுமாரி ஊசியும் போட்டுவிட வேண்டும். புதுமழைப் புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டியே இந்நோயில் முதலில் விழுகின்றது. மாலையில் நலமாக இருந்தது காலையில் இறந்து கிடக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்குரிய ஊசியை மூன்று மாதம் நிறைந்த குட்டிகளுக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்நோய் ஒரு பட்டியிலிருந்து மறுபட்டிக்குத் தொற்றுவது. ஆதலால் ஊரிலுள்ள எல்லாப் பட்டிகளின் ஆட்டுக் கணக்கையும் சங்கத்தின் வாயிலாகத் தொகுத்துக் கால்நடை மருந்தகத்திற்கு முன்கூட்டியே அனுப்பி, ஒரே நாளில் ஊசி போட ஏற்பாடு செய்தல் நலம். மருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வருகின்றதா என்று பார்த்துக்கொண்டு, ஆடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்க்குமுன், காலைக் குளிர்ச்சியிலேயே ஊசியை முடித்துவிடுக.