வடிவம் மாறும் சிவப்பணு: அரிவாள் செல் ரத்தசோகை உருவாவது எப்படி?

புது தில்லி: பழங்குடியின மக்களை அதிகம் பாதிக்கும் அரிவாள் செல் ரத்தசோகையை 2047-ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தை, மத்தியப் பிரதேச மாநிலம் ஷாடோலில் 2023 ஜூலை 1-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிப்பது இதன் இலக்குகளில் ஒன்றாகும். இந்நோய் கிருமிகளால் பரவுவதில்லை. பெற்றோரிடமிருந்து மரபணு வழியாகக் குழந்தைக்கு வருகிறது. ரத்தச் சிவப்பணுவின் அமைப்பை அறிந்தால் நோயின் தன்மையும் பரிசோதனையின் அவசியமும் விளங்கும்.

உட்கரு இல்லாத உயிரணு

மனித உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் மூன்று முக்கியப் பகுதிகளைக் கொண்டவை. உள்ளே வருவதையும் வெளியேறுவதையும் செல் சவ்வு கட்டுப்படுத்துகிறது. மரபணுக்கள் உட்கருவில் உள்ளன. இவற்றுக்கு இடைப்பட்ட சைட்டோபிளாசத்தில், ஆற்றலை அளிக்கும் மைட்டோகாண்ட்ரியா, புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் உள்ளிட்ட நுண்ணுறுப்புகள் இயங்குகின்றன.

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் நிலையில் சிவப்பணுவுக்கும் இவை அனைத்தும் உண்டு. முதிர்ச்சி அடையும்போது அது உட்கருவையும் நுண்ணுறுப்புகளையும் இழந்துவிடுகிறது. இதனால், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்துக்கு அதிக இடம் கிடைக்கிறது. இருபுறமும் குழிந்த வட்டு போன்ற வடிவமும் நெகிழ்வான சவ்வும் இருப்பதால், தன் விட்டத்தைவிடக் குறுகிய ரத்தத் தந்துகிகளிலும் அது வளைந்து நுழைகிறது. அதன் சராசரி ஆயுள் சுமார் 120 நாள்கள்.

ஒரே ஒரு மாற்றம்

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. மரபணுவில் ஏற்படும் ஒரு சிறு மாற்றத்தால், 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமைந்துவிடுகிறது. இவ்வாறு மாறிய ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விடுவித்ததும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. அந்த இழைகள் சவ்வை உந்தித் தள்ளுவதால் சிவப்பணு அரிவாள் போல் வளைகிறது.

தொடக்கத்தில், மீண்டும் ஆக்சிஜன் கிடைத்ததும் சிவப்பணு பழைய வடிவத்துக்குத் திரும்பும். இம்மாற்றம் பலமுறை நிகழும்போது சவ்வு சேதமடைந்து, வளைந்த வடிவம் நிலைத்துவிடுகிறது. இத்தகைய அணுக்கள் 10 முதல் 20 நாள்களிலேயே சிதைவதால் ரத்தசோகை ஏற்படுகிறது. நெகிழ்வை இழந்த அணுக்கள் தந்துகிகளை அடைப்பதால் கடும் வலியும், மண்ணீரல் பாதிப்பும், சிலருக்குப் பக்கவாதமும் உண்டாகின்றன.

பரிசோதனை ஏன் அவசியம்?

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாறிய மரபணுவைப் பெற்றவருக்குப் பொதுவாக அறிகுறிகள் தோன்றுவதில்லை. கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா மிகுந்திருந்த பகுதிகளில் இம்மரபணு தலைமுறைகளாக நீடித்ததற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் 1952-ஆம் ஆண்டு நீலகிரி பழங்குடியினரிடையே கண்டறியப்பட்டது.

கணவன், மனைவி இருவருமே இத்தகைய மரபணுக் கடத்துநர்களாக இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு 25 சதவீதம். கடத்துநராகப் பிறக்க 50 சதவீதம். பாதிப்பின்றிப் பிறக்க 25 சதவீதம். முதல் குழந்தை நலமாகப் பிறந்தாலும் அடுத்த குழந்தைக்கு இந்த வாய்ப்பு குறைவதில்லை.

இதன் காரணமாகவே, பரிசோதிக்கப்படுவோருக்கு மரபணு நிலையைக் குறிக்கும் அட்டைகள் வழங்கப்படுகின்றன. உடல்நலக் குறைவு ஏதும் இல்லாதவரும் கடத்துநராக இருக்கக்கூடும் என்பதால், திருமணத்துக்கு முன்போ கருத்தரிப்புக்கு முன்போ சோதித்துக்கொள்வது பயன் தரும்.

நோயுற்றவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா மருந்து வலித் தாக்குதல்களைக் குறைக்க உதவுகிறது. பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மூலம் குணமடைய வாய்ப்புண்டு. எனினும், அந்த வாய்ப்பு எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஆகவே, சில துளி ரத்தத்தில் செய்யப்படும் எளிய சோதனையே அடுத்த தலைமுறையைக் காப்பதற்கான முதல் படியாகும்.