கபடி டீமில் போதை பாக்குக்கு தடை: ஒரு சீசன் கூட தாங்காதது ஏன்?

நெல்லை:

மாலை 5 மணி ஆனால் போதும். தென் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பொட்டலில் கபடி ஆட்டம் களை கட்டி விடும். 9-ம் வகுப்பு பையன் முதல் கல்யாணம் ஆன அண்ணன் வரை ஒரே டீமில் ஆடுவார்கள்.

"பீடி, சிகரெட், பாக்கு எதுவும் கூடாது. பிடிபட்டால் டீமில் இடம் இல்லை" என்று சில டீம்களில் கண்டிஷன் போடுகிறார்கள். ஆரம்பத்தில் எல்லாம் ஜோர்தான். கொஞ்ச நாளில் அது காற்றில் பறந்து விடுகிறது. ஏன்?

மூச்சுக்கே வேட்டு

கபடியில் ஒரு ரெய்டு 30 வினாடி. மூச்சு விடாமல் பாட வேண்டும். சிகரெட், பீடி புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனை ஒட்ட விடாமல் அந்த இடத்தை பிடித்துக் கொள்ளும். தசைக்கு ஆக்சிஜன் குறையும். சீக்கிரமே கால் தளரும்.

"புகைதானே கெடுதல், உதட்டுக்குள் வைத்தால் என்ன?" என்று பசங்க நினைக்கிறார்கள். அந்த குட்டிப் பையிலும் நிக்கோட்டின் இருக்கிறது. நாடித்துடிப்பும், ரத்த அழுத்தமும் ஏறும். வாய்ப்புற்று ஆபத்தும் உண்டு.

எங்கே ஓட்டை?

முதல் ஓட்டை, பைனல் மேட்ச். டீமின் சிறந்த ரெய்டரே பாக்கோடு பிடிபடுவார். "இந்த ஒரு மேட்ச் மட்டும் ஆடட்டும்" என்று விட்டு விடுவார்கள். அதோடு தடை செத்தது. நல்லா ஆடுகிறவனுக்கு சட்டம் இல்லை என்று சின்ன பையனுக்கு புரிந்து விடும்.

அடுத்தது சீனியர்கள். பிராக்டிஸ் முடிந்து டீக்கடையில் அண்ணன் பற்ற வைப்பார். சில இடங்களில் கோச்சே பற்ற வைப்பார். அப்புறம் தம்பிக்கு யார் சொல்வது?

மூன்றாவது, வெளியூர் போட்டி. விடிய விடிய நடக்கும். நம்ம டீம் களம் இறங்க நள்ளிரவு தாண்டி விடும். தூக்கம் வராமல் இருக்க என்று பொட்டலம் கை மாறும். புகை வராததால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

கடைசி ஓட்டை, தண்டனையே. மாட்டிய பையனை விரட்டி விட்டால் மைதானத்தை விட்டே போய் விடுவான். சாயங்காலம் அதே பெட்டிக்கடை வாசலில்தான் நிற்பான்.

சட்டம் என்ன சொல்கிறது?

குட்கா, பான்மசாலாவுக்கு தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. 2024-ல் மதுரை ஐகோர்ட்டு கிளை, 'கூல் லிப்' புகையிலை மாணவர்களிடம் பரவுவது பற்றி கவலை தெரிவித்தது.

கல்வி நிறுவனத்தில் இருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ம் ஆண்டு சட்டம். ஆனால் ஊர் பொட்டல் பள்ளிக்கூடம் இல்லையே! அங்கே இந்த 100 கெஜம் கணக்கு செல்லாது.

அதற்காக தப்பிக்க முடியாது. 18 வயதுக்கு குறைந்தவருக்கு எங்கே விற்றாலும் குற்றம். சிறுவனுக்கு புகையிலை கொடுத்தால் 2015-ம் ஆண்டு சிறார் நீதி சட்டப்படி 7 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளையாட்டாக பொட்டலம் நீட்டும் அண்ணனுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

தடை கோச்சில் இருந்து தொடங்க வேண்டும். பைனலுக்கும் அதே சட்டம்தான். மாட்டிய பையனை 2 மேட்ச் உட்கார வைக்கலாம். ஆனால் பிராக்டிசுக்கு கட்டாயம் வரச் சொல்ல வேண்டும். பரிசு கொடுக்க பெட்டிக்கடைக்காரரை கூப்பிடும்போதே, பசங்களுக்கு விற்க மாட்டேன் என்று வாக்கு வாங்கலாம்.

பழகி விட்ட பையனுக்கு "நாளை முதல் விடு" என்றால் முடியாது. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை வரும். அது திமிர் இல்லை, நிக்கோட்டின் செய்யும் வேலை. 1800-112-356 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அந்த போனை போடும்போது டீம் கேப்டனும் பக்கத்தில் உட்கார்ந்தால் பையனுக்கு தைரியம் வரும்.