புதுக் காரும் எஞ்சின் தேர்வும்

உழவுக்கு ஒரு மாடு, வண்டிக்கு ஒரு மாடு என்று பிரித்தறிந்து வாங்கியவர்கள் முன்னோர். சந்தையில் மிக வலிய காளை எது என்று அவர்கள் பார்க்கவில்லை. தம் வேலைக்கு ஏற்றது எது என்றே பார்த்தனர். இன்று புதுக் கார் வாங்குவோர் பலர், நிறத்தையும் இருக்கையையும் கண்டபின், குதிரைத்திறன் மிகுந்த வண்டியே சிறந்தது என முடிவு கட்டிவிடுகின்றனர். சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கு உரியது. ஆதலின் தேர்வில் நேரும் பிழையும் பத்தாண்டு உடன் வரக்கூடும்.

குதிரைத்திறன் என்பது வேலை நடக்கும் வேகத்தின் அளவு. ஜேம்ஸ் வாட் வகுத்த இவ்வளவு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 746 வாட் ஆகும். சக்கரத்தைத் திருப்பும் வலிமையோ முறுக்கு விசை எனப்படும். மூட்டை முடிச்சுகளுடன் ஐவரைச் சுமந்து கேமரன் மலைப் பாதையில் ஏறும் வண்டிக்குப் பெரிதும் துணைசெய்வது, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் முறுக்கு விசையாகும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்திற்கு 4,000 சுற்றை அணுகும்போதே தன் உச்ச விசையைத் தரும். டர்போ பொருத்திய சிறு எஞ்சின் 2,000 சுற்றை ஒட்டியே அதனைத் தந்துவிடும். ஆயினும் அதன் அமைப்பு சிக்கலானது, பராமரிப்பில் கூடுதல் கவனம் வேண்டும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு விசையையும் தரவல்லது.

நின்று நின்று ஊர்ந்து செல்லும் நகரப் போக்குவரத்தில், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார் சிக்கனமானது. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை அது மின்கலத்தில் சேர்த்துக்கொள்கிறது. 1997இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் இம்முறையைப் பரவச் செய்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுந்தொலைவு செல்வோர்க்கு இந்த ஆதாயம் குறையும். பிரேக் பிடிக்கும் தேவையே அங்குக் குறைவு அன்றோ!

அடுத்தது, ஆற்றல் எந்தச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்பது. முன்சக்கர இயக்கத்தில், எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்வதால் பிடிப்பு கிட்டும். உள்ளே இடமும் மிகும். நான்கு சக்கர இயக்கம், சேறும் சகதியுமான தோட்டத்து மண்சாலைக்கு ஏற்றது. மழையில் அது காப்பாற்றும் என்று நம்பி விலை கொடுப்போர் ஒன்றை மறக்கின்றனர். வழுக்கும் தரையில் வண்டி புறப்பட அது உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. ஈரச் சாலையில் அந்தப் பிரேக்குக்குப் பயன் தருவது டயரின் பிடிப்பே. தார்ச் சாலையை விட்டு இறங்காதவர், கூடுதல் எடைக்கும் எரிபொருளுக்கும் செலவிடும் பணத்தை நல்ல டயருக்குச் செலவிட்டால் அது உயிரைக் காக்கும்.

சட்டமும் தேர்வில் தலையிடுகிறது. சிங்கப்பூரில் 2014 முதல், 'ஏ' பிரிவுச் சான்றிதழுக்குரிய பெட்ரோல் கார் 1,600 கன சென்டிமீட்டரையும் 97 கிலோவாட்டையும் மிஞ்சலாகாது. மின்சாரக் கார்களுக்கு அவ்வரம்பு 2022இல் 110 கிலோவாட் என உயர்த்தப்பட்டது. 2025 முதல் அங்குப் புதிய டீசல் கார்கள் பதிவு செய்யப்படுவதில்லை. மலேசியாவில் பெட்ரோல் காரின் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. மின்சாரக் காரின் வரி 2026 முதல் மோட்டாரின் திறனைப் பொறுத்தது.

ஆகவே, விற்பனையாளரிடம் குதிரைத்திறனைக் கேட்குமுன், வாங்குவோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: நாள்தோறும் எவ்வளவு தொலைவு? எத்தனை பேர்? எத்தகைய சாலை? மின்சாரக் கார் விரும்புவோர்க்கு நான்காவதும் உண்டு: இரவில் வண்டி நிற்குமிடத்தில் மின்னேற்றம் கிடைக்குமா? அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு இது பெருங்கேள்வி. இவற்றுக்கு விடை கண்டபின் பார்த்தால், காட்சிக்கூடத்தின் மிக வலிய எஞ்சின் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையற்றது என்பது விளங்கும்.