பிரேக் இல்லாத வண்டியில் 46 வயது

ஸ்பீட்வே பந்தய பைக்கில் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. 500 சிசி எஞ்சினுக்கு எரிபொருள் மெத்தனால். நீள்வட்ட மண் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். சுமார் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இது இருபது வயதுக்காரர்களின் ஆட்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் கிரெக் ஹான்காக் 1997-இல் 27 வயதில் உலகப் பட்டம் வென்று, அடுத்ததை 2011-இல் 41 வயதில்தான் எட்டிப் பிடித்தார். 2014-இல் இன்னொன்று, 2016-இல், 46 வயதில், நான்காவது. அவருக்கு முன்பே நியூசிலாந்தின் ஐவன் மேஜர் தமது ஆறாவது பட்டத்தை 1979-இல் போலந்தில் வென்றபோது, நாற்பதாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தன.

வயது ஏறினால் கை தாமதிக்காதா? புறப்படும் இடத்தில் குறுக்கே கட்டிய நாடா மேலெழும்பியதும் கிளட்ச்சை விட வேண்டும். வெறும் 0.02 நொடி பிந்தினாலும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது அரை மீட்டருக்கு மேல். கண் பார்த்து கை அசைய இளைஞருக்கே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. நாடாவைப் போன்ற ஒற்றைக் குறிப்புக்கு இந்த நேரம் ஐம்பது வயதுவரை பெரிதாகக் கூடுவதில்லை. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்போதுதான் வயதின் தாமதம் முன்னதாகவே தலைகாட்டுகிறது. முதல் வளைவில் நான்கு பைக்குகள் முட்டிமோதும்போது தேவைப்படுவதும் இந்த இரண்டாம் வகை வேகமே.

அதை ஈடுகட்டும் வழியைத் தட்டச்சு ஆய்வு ஒன்று காட்டியது. 1984-இல் உளவியலாளர் டிமத்தி சால்ட்ஹவுஸ், 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார். எதிர்வினைச் சோதனையில் மூத்தவர்கள் மெதுவாகவே இருந்தார்கள். தட்டச்சு வேகத்திலோ பின்தங்கவில்லை. அவர்களது கண், கையைவிட இன்னும் சில எழுத்துகள் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. கை இழந்த நேரத்தைக் கண் சம்பாதித்துக் கொடுத்தது.

ஸ்பீட்வே தடத்தில் இப்படி முன்கூட்டிப் பார்க்க நிறைய உண்டு. வளைவு வந்ததும் ஓட்டுநர் இரும்புத் தகடு பூட்டிய இடது காலை மண்ணில் ஊன்றி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கி, பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விடுகிறார். வண்டியின் மூக்கு உட்புறம் திரும்ப, பின்சக்கரம் தள்ளும் விசையில் ஒரு பங்கு வட்டத்தின் மையம் நோக்கிச் செயல்பட்டு வண்டியை வளைக்கிறது. பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மூடினால், சக்கரம் திடீரென மண்ணைப் பற்றிக்கொண்டு ஆளையே வெளிப்புறமாகத் தூக்கி எறியலாம்.

இதற்கிடையே தடமும் மாறிக்கொண்டே இருக்கும். சக்கரங்கள் வாரியிறைக்கும் மண் வெளிவட்டத்தில் போய்ச் சேர்கிறது. முதல் ஓட்டத்தில் உள்வட்டத்தில் கிடைத்த பிடிப்பு, பத்தாவது ஓட்டத்தில் வேலியோரம் நகர்ந்திருக்கலாம். நடுவே டிராக்டர் வந்து சமன்செய்து, தண்ணீரும் தெளித்துவிட்டால் கணக்கு மறுபடி மாறும். மண் எங்கே ஈரத்தில் கறுத்திருக்கிறது, எங்கே வழுவழுவென்று பளபளக்கிறது என்று கவனித்து, பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பல ஆண்டுகள் பல தடங்களில் இதையே பார்த்துவந்தவர், வளைவை அடையும் முன்பே தம் வழியைத் தேர்ந்துவிடுகிறார்.

விலகிப்போய்த் திரும்புபவர்களுக்கும் இதுதான் மூலதனம். மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஜேசன் கிரம்ப், 2012-இல் விடைபெற்று, 2021-இல் 45 வயதில் இங்கிலாந்தின் இப்ஸ்விச் அணிக்காகக் களம் இறங்கினார். ஆழப் பதிந்த உடல் அசைவுகளை மூளை எளிதில் மறப்பதில்லை. விட்டுப்போவது தசையின் பலம். அதிலும் வெடித்தெழும் வேகத்துக்கான தசை இழைகளே வயதோடு அதிகம் மெலிகின்றன.

வயது கறாராக வசூல் செய்வது விழும்போதுதான். தடத்தைச் சுற்றிக் காற்றடைத்த வேலிகள் வந்த பிறகும் எலும்புகள் முறியத்தான் செய்கின்றன. வயதான எலும்பு கூடுவதற்கு நாள் அதிகம் பிடிக்கும். எனவே மூத்த வீரர் விழாமலே வெல்ல வேண்டும், அதற்கும் முன்னே ஓடும் கண்தான் துணை. ஹான்காக்கின் நான்கு பட்டங்களில் மூன்று நாற்பதுக்குப் பின் வந்தவை. வயதை மீறி வென்றார் என்று அவரைப் புகழ்வது போதாது. வயது கற்றுத்தந்ததைக் கொண்டே அவர் வென்றார்.