குளிர்கடலில் கோடை நீராட்டு

கடலில் குப்புற மிதந்து, முகத்தை நீருக்குள் வைத்து, வாயிற் கவ்விய குழலின் வழியே மூச்சு விட்டுக்கொண்டு, அடியிலுள்ள காட்சிகளைக் கண்டு மகிழும் விளையாட்டை இன்று ‘ஸ்னோர்க்கலிங்’ என்கின்றனர். ஸ்னோர்க்கல் என்பது ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்குள் இருந்தவாறே காற்றை இழுத்துக்கொள்ள உதவிய குழாய்க்கு அப்பெயர் வழங்கியது. போர்க் கருவியின் பெயர் பின்னர் விளையாட்டுக் கருவிக்கும் ஆகிவந்தது. தமிழில் மூச்சுக்குழல் என்றால் அது உடலுறுப்பைக் குறித்துவிடும். ஆதலின், இக்கட்டுரையில் அதனை ‘மிதப்புக்குழல்’ என்று வழங்குவோம்.

ரெடாங், தியோமான் தீவுகளுக்குச் சென்று வந்தோர் இவ்விளையாட்டை நன்கறிவர். அங்கே கடல்நீர் ஏறக்குறைய 29 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. நீரில் இறங்குவோர் தம் உடலைப் பற்றி எண்ணவேண்டிய தேவையே இல்லை. ஆனால், குளிர்நாட்டுக் கரைகளிலும் கோடையில் மக்கள் இவ்வாறே கடலாடுகின்றனர். நம் பிள்ளைகள் பலர் உயர்கல்விக்காகப் பிரிட்டன் செல்கின்றனர். விடுமுறையில் நண்பர்களோடு கடற்கரைக்கும் போகின்றனர். நம் கடலிற் கற்ற நீச்சல் அக்கடலுக்குப் போதுமா? இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கார்ன்வால் கரையைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கோடையிலும் குளிர்வது ஏன்?

கார்ன்வால் கரையில் கடல்நீர் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் 9 பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் அது 16 அல்லது 17 பாகையை எட்டும். அதுவே அக்கடலின் உச்ச வெப்பம்.

நிலம் விரைவிற் சூடேறி விரைவில் ஆறும். நீரோ மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் இயல்பினது. ஆகவே, வெயிலுக்கும் கடலுக்கும் இடையே இரண்டு மூன்று மாத இடைவெளி உண்டாகிறது. மே மாதத்தில் ஒருநாள் வெயில் இனிதாகக் காய்கிறது. காற்று 22 பாகை. மக்கள் கடற்கரைக்கு விரைகின்றனர். ஆனால், கடலோ இன்னும் 11, 12 பாகையில், பனிக்காலத்தை விட்டு முற்றும் நீங்காமல் நிற்கிறது. கரையிலுள்ள வெயில் கடலுக்குச் சான்று அன்று என்பதே இங்கு நாம் உணரவேண்டிய முதற்செய்தி.

முதல் நிமிடம்

குளிர்நீரில் வீழ்ந்தோர் உடல் விறைத்து இறக்கின்றனர் என்றே பலரும் எண்ணுகின்றனர். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவரும் என்பது உண்மையே. ஆயினும், வளர்ந்த ஒருவரின் உள்ளுடல் ஆபத்தான அளவுக்குக் குளிர அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பலர் அதற்கு நெடுநேரம் முன்னரே, முதற் சில நிமிடங்களிலேயே மூழ்கிவிடுகின்றனர். காரணம் யாது?

15 பாகைக்கும் குறைந்த நீர் திடீரெனத் தோலிற் பட்டதும், நம் விருப்பத்தைக் கேளாமலே உடல் ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கிறது. தொடர்ந்து மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, குருதி அழுத்தம் உயர்கிறது. இதனைக் குளிரதிர்ச்சி எனலாம். அந்த முதல் மூச்சின்போது வாய் நீருக்குள் இருப்பின், இழுக்கப்படுவது காற்றன்று, நீர். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்க வல்லவரும் குளிர்நீரில் அதிற் பாதியளவுகூட அடக்க இயலாது தவிப்பர். நீச்சல் வல்லமை இங்கே துணைவராது; ஏனெனில், நீந்துவதற்கு வேண்டிய மூச்சே அவர் வசத்தில் இல்லை.

நன்மை ஒன்றும் உண்டு. இவ்வதிர்ச்சி முதல் அரைநிமிடத்தில் உச்சம் எய்தி, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை நீந்த முயலாமல் மிதந்திருந்தால் போதும். 1824ஆம் ஆண்டில் தோன்றிய பிரிட்டனின் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் இதனையே மக்களுக்கு இடைவிடாது கற்பித்து வருகிறது: தலையைப் பின்சாய்த்துக் காதுகள் நனைய மல்லாந்து கிடக்க வேண்டும், கைகளை விரித்து மெல்ல அசைக்க வேண்டும், மூச்சு சீரான பின்னரே நீந்தவோ உதவிக்குக் குரல் கொடுக்கவோ வேண்டும்.

மிதப்புக்குழல் அணிவோர் இதனை இன்னும் கருத்தாகக் கொள்ள வேண்டும். குழலின் மேல்முனை அலையில் மூழ்கும் நேரத்தில் மூச்சு தன்வசம் இல்லையேல், நீர் நேரே தொண்டைக்குள் இறங்கும். ஆதலால், பழகியோர் குதித்து இறங்குவதில்லை. இடுப்பளவு நீரில் நின்று, முகத்திலும் கழுத்திலும் நீரைத் தெளித்து, மூச்சு அடங்கிய பின்னரே முகத்தை நீருக்குள் வைப்பர். பழக்கத்தால் உடலும் திருந்தும். இரண்டு மூன்று நிமிட அளவில் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கி ஏறினாலே இவ்வதிர்ச்சி பெரிதும் குறைவதாகப் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டனும் அவர் குழுவினரும் ஆய்ந்து காட்டியுள்ளனர்.

இரப்பர் உடை

குளிர்கடலை விளையாட்டுக்கு உரியதாக்கியது ஓர் உடையே. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக இயற்பியலறிஞர் ஹியூ பிராட்னர் ‘நியோப்ரீன்’ என்னும் செயற்கை இரப்பரால் உடலோடு ஒட்டிய உடை ஒன்றை அமைத்தார். உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலமே சூட்டைக் காக்கிறது என்று பலர் கருதுவர். உண்மையில் காப்பது, இரப்பருக்குள் அடைபட்ட எண்ணற்ற வளிக்குமிழிகளே. கம்பளி காற்றை அடக்கிவைத்துச் சூடு காப்பது போன்றதே இதுவும். குமிழிகள் இருத்தலால் உடை உடலை மிதக்கவும் வைக்கிறது. கோடைக்கு 3 மில்லிமீட்டர் தடிப்பும், நெடுநேரம் நீரில் இருப்போர்க்கு 5 மில்லிமீட்டர் தடிப்பும் ஏற்றவை.

கலங்கிய நீரின் செல்வம்

இத்தனை இடர்ப்பட்டு அங்கே காண்பது யாது? பவளக் கடல் பளிங்குபோல் தெளிந்திருக்கும். குளிர்கடலோ பச்சை படர்ந்து மங்கியிருக்கும். ஆயினும், அத்தெளிவு ஒருவகை வறுமை. இம்மங்கல் வளமையின் அடையாளம். குளிர்காலப் புயல்கள் அடியிலுள்ள உரச்சத்தைக் கலக்கி மேலே கொணர்கின்றன. இளவேனில் வெயில் பட்டதும் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் கோடி கோடியாய்ப் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. மேலும், குளிர்நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். 10 பாகைக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையுமாயின், 30 பாகையில் சுமார் 6 மில்லிகிராமே கரையும்.

ஆதலின் அங்கே கடலடியில் ஒரு காடே உண்டு. ‘கெல்ப்’ எனப்படும் பழுப்புப் பாசி, பாறையை வேர்போலப் பற்றி, தோல்வார்கள் போன்ற இலைகளை அலையில் வீசி நிற்கிறது. அதனிடையே தோன்றும் ‘ராஸ்’ மீன்களுட் சில பெண்ணாக வளர்ந்து, பின்னர் ஆணாக மாறுவன. கோடையில் நெடுங்கால் சிலந்தி நண்டுகள் ஓடு கழற்றுவதற்காக ஆழமற்ற நீருக்குக் கூட்டங் கூட்டமாய் வரும். சாம்பல்நிறக் கடல்நாய்கள் தலை நீட்டிப் பார்ப்பதும் உண்டு. அவற்றை நெருங்காது விலகுதலே முறை.

நீரில் மிதக்க விரும்பாதோர்க்கும் அக்கரையில் குறைவில்லை. கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கும் நீரிற் சிறுவர் நண்டும் நட்சத்திர மீனும் தேடுவர். நியூகீ நகரில் அலைச்சறுக்கு புகழ்பெற்றது. பியூட் ஊரில் 1930இல் பாறைகளிடையே கட்டிய குளத்திற்குக் கடலே நீர் நிரப்புகிறது. கார்ன்வாலைச் சுற்றிச் செல்லும் கரையோர நடைபாதையின் முழுநீளம் 630 மைல்.

ஓதம் தரும் பாடம்

குளிரை வென்றாலும் எஞ்சி நிற்பது ஓதம். கடலின் ஏற்ற இறக்கத்தைப் பழந்தமிழர் இச்சொல்லாற் குறித்தனர். சிங்கப்பூர்க் கரையில் அது மூன்று மீட்டர் அளவே. கார்ன்வால் வடகரையில் உவா நாள்களை, அதாவது முழுமதி, மறைமதி நாள்களை, ஒட்டி ஆறேழு மீட்டர் ஏறியிறங்கும். ஏறக்குறைய ஆறேகால் மணி நேரத்தில் இவ்வளவு நீரும் வந்து சேரும். தட்டையான மணற்கரையில் அது நேரே முன்னே வருவதில்லை. தாழ்ந்த ஓடைகளின் வழியே முதலிற் புகுந்து, திட்டில் நிற்போர்க்குப் பின்புறத்தை நிரப்பிவிடும்.

இது வெறும் ஏட்டறிவு அன்று. கார்ன்வாலுக்கு வெகுதூரம் கிழக்கே, அதே தென்கரையிலுள்ள கேம்பர் மணற்கரையில், 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், இலண்டனில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் ஐவர் உயிரிழந்தனர். நல்ல வெயில் நாள். நண்பர்களாய்க் கூடி விளையாட வந்தவர்கள். மணல்திட்டுகளைச் சூழ்ந்து ஏறிய நீரில் அவர்கள் அகப்பட்டிருக்கலாம் என்று விசாரணையிற் கூறப்பட்டது. அன்று அக்கரையில் உயிர்காப்போர் பணியில் இல்லை, பின்னரே அமர்த்தப்பட்டனர்.

ஆகவே, அங்குச் செல்வோர் மூன்றை மறவாதிருக்க வேண்டும். உயிர்காப்போர் நிற்கும் கரையைத் தேர்ந்து, சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே மட்டும் நீராட வேண்டும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் திரும்பும் நேரத்தை அறிந்தே மணலில் நடக்க வேண்டும். கரையேறியதும் ஈர உடையை உடனே களைந்து, உலர்ந்த உடை உடுத்தி, சூடான பானம் அருந்த வேண்டும். கரையேறிய பின்னரும் சிறிது நேரம் உள்ளுடல் குளிர்ந்துகொண்டே இருக்கும்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. குளிர்நாட்டுக் கடலில் ஆழத்தோடு குளிரையும் ஓதத்தையும் சேர்த்து அறிதல் வேண்டும். வெளிநாடு செல்லும் மாணவருக்குக் கம்பளியாடை வாங்கச் சொல்லி அனுப்புகிறோம். அஃது அவரைக் குளிர்காலத்திற் காக்கும். கோடைக்காலத்திற் காக்க, மல்லாந்து மிதக்கும் அந்த எளிய பாடத்தையும் சொல்லி அனுப்புவது ஆசிரியர் கடனாகும்.